திருவருகைக் காலம்: பங்கும் வீடும் தயாராக ஒரு முழுமையான வழிகாட்டி

நவம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தில்) எல்லோரும் பேசுவது கிறிஸ்துமஸைப் பற்றித்தான். கேரல் எந்தத் தெருவில் தொடங்குவது, இந்த வருடம் குடில் யார் பொறுப்பு, கோபுரத்தில் ஸ்டார் எப்போது ஏற்றுவது என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி குவியும். நடுவில், கிறிஸ்துமஸுக்கு முன் காத்திருந்து தயாராகும் திருவருகைக் காலம் என்று ஒன்று இருப்பது, ஞாயிறு காலை ஃபாதர் ஊதாத் திருவுடையில் வந்து நிற்கும்போதுதான் பலருக்கு நினைவு வரும்.

இதற்காக யாரையும் திட்டிப் பயனில்லை. கிறிஸ்துமஸ் வேலைகள் உண்மையாகவே நிறைய இருக்கின்றன. யாரோ ஒருவர் செய்துதான் ஆக வேண்டும். சிக்கல் வேலைகளில் இல்லை, அவற்றுக்கு நாம் வைக்கும் தேதிகளில் இருக்கிறது. திருச்சபையே இந்தக் காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதல் ஞாயிறு தொடங்கி டிசம்பர் 16 வரை ஒரு பகுதி: ஆண்டவர் மீண்டும் மாட்சியோடு வருவதை எதிர்பார்த்திருப்பது. டிசம்பர் 17 முதல் 24 வரை இன்னொரு பகுதி: பெத்லகேம் பிறப்புக்கு நேரடியாகத் தயாரிப்பது. திருப்பலியில் தொடக்கவுரைகூட இரண்டு பகுதிகளுக்கும் வேறு வேறு. கிறிஸ்துமஸ் சார்ந்த சத்தமான வேலைகளை இரண்டாம் பகுதிக்குத் தள்ளிவிட்டால் முதல் பகுதி மூச்சு விடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

1. தேதிகளை முதலில் எழுதிவிடுங்கள்

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு, புனித அந்திரேயா விழாவான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறு. ஆகவே நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில்தான் அது விழும். 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28, 2028-இல் டிசம்பர் 3. காலம் தொடங்குவது ஞாயிறு காலையில் அல்ல, முந்தைய சனிக்கிழமையின் மாலைப் புகழோடு, அதாவது திருச்சபையின் மாலை மன்றாட்டோடு. சனி மாலையில் ஞாயிறு திருப்பலி வைக்கும் பங்குகளில் அன்றைக்கே ஊதா வந்துவிட வேண்டும்.

ஞாயிறுகள் எப்போதும் நான்கு. ஆனால் நான்கு முழு வாரங்கள் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். டிசம்பர் 25 எந்தக் கிழமை என்பதைப் பொறுத்து இந்தக் காலம் 22 நாளாகவும் சுருங்கும், 28 நாளாகவும் நீளும். 2028-இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. அதாவது 24-ஆம் தேதி காலையில் நான்காம் ஞாயிறு திருப்பலி, அன்று இரவே பிறப்புப் பெருவிழா. அந்த வருடத்துப் பீட அலங்காரக் குழுவுக்கு என் அனுதாபங்களை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அடுத்து உங்கள் ஊர்த் தேதிகளைக் குறியுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 அன்று முடியும். அங்கே தேரோட்டமும் திருவருகைக் காலத் தொடக்கமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது வழக்கம். டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழா. புதுச்சேரி பேராலயம் போல இந்த அன்னையைப் பாதுகாவலியாகக் கொண்ட கோவில்களில் நவநாள் (திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் வழிபாடு) பெரும்பாலும் திருவருகைக் காலத்துக்குள்தான் ஓடும். 8-ஆம் தேதியே ஞாயிறாக அமைந்துவிட்டால் பெருவிழா மறுநாளுக்குத் தள்ளிப்போகும், ஏனென்றால் திருவருகைக் கால ஞாயிறுக்குத்தான் முதலிடம். 2024-இல் அப்படித்தான் ஆனது. உங்கள் பங்குத் திருவிழா இந்த நாள்களில் வந்தால் கவலைப்பட வேண்டாம். நவநாள் மறையுரைத் தலைப்புகளை ஞாயிறு வாசகங்களோடு பொருத்திக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மரியாவைவிடச் சிறப்பாகக் காத்திருந்தவர் யார்?

திருமணம் பற்றியும் ஒரு வார்த்தை. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் திருவருகைக் காலத்தில் ஆடம்பரத் திருமண ஆசீரைத் தடுத்திருந்தது. இன்றைய சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் பழக்கம் பல ஊர்களில் அப்படியே நிற்கிறது, நவம்பர் மாதம் கோவிலில் வரிசையாகக் கல்யாணம் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டிசம்பரில் தேதி பார்க்கிற குடும்பம் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பங்குத்தந்தையிடம் பேசிவிடுவது நல்லது. மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கவும் நாள் வேண்டுமே.

2. கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முன்பே கூடிப் பேசுங்கள்

வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா. பதினோராம் பயஸ் 1925-இல் ஏற்படுத்திய விழா இது. பல பங்குகளில் அன்று நற்கருணைப் பவனி இருக்கும், எல்லோரும் அதில் மும்முரமாக இருப்பார்கள். பவனி முடிந்த களைப்பில் திருவருகைக் காலக் கூட்டம் போட்டால் டீயும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும். அதற்கு முந்தைய வாரமே பங்குப் பேரவையும் வழிபாட்டுக் குழுவும் உட்கார்ந்துவிட வேண்டும்.

கூட்டத்தில் முடிவாக வேண்டியவை இவ்வளவுதான்: ஒப்புரவு (பாவசங்கீர்த்தன) வழிபாடு எந்த நாள், கேரல் எந்த நாள்கள், அன்பியங்கள் (பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு செபக் குழுக்கள்) எந்த வாரம் எந்த வீட்டில் கூடும், பகிர்வுக் காணிக்கை யாருக்குப் போகும், குடில் யார் பொறுப்பு. கிளைக் கிராமங்கள் உள்ள பங்கு என்றால் ஒவ்வொரு கிராமத்துக்கும் இதே ஐந்து கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். நடுக் கோவிலுக்கு எல்லாம் திட்டமிட்டுவிட்டு, கிளைக் கிராமத்துக்கு 'ஃபாதர் 24-ஆம் தேதி சாயங்காலம் வருவார்' என்று ஒற்றை வரி எழுதி முடிப்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம்.

3. பீடத்தில் எதைக் குறைக்க வேண்டும்

திருவுடை ஊதா. 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடலைப் பாடுவதில்லை, கிறிஸ்து பிறப்பு இரவில் வானதூதர்களின் பாட்டாக அது புதிதாய் ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே நிறுத்திவைக்கிறோம். ஆனால் அல்லேலூயா உண்டு. தவக்காலத்தோடு குழப்பிக்கொண்டு அதையும் விட்டுவிடும் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. இது தவக்காலம் அல்ல, மகிழ்ச்சியோடு எதிர்பார்த்திருக்கும் காலம். உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் போதனை பூக்களையும் இசைக்கருவிகளையும் அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறது, அடியோடு விலக்கச் சொல்லவில்லை. நடைமுறையில்: பீடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பூச்சாடி, கீபோர்டு இருக்கட்டும், ரிதம் பேடுக்கு ஓய்வு. இதைச் சொன்னால் கீபோர்டு வாசிக்கும் தம்பி முகம் சுளிப்பார். டிசம்பர் 24 இரவு அவருக்கே அதன் பயன் புரியும்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்று ரோஜா நிறத் திருவுடை அணியலாம், பூக்கள் கூடலாம், இசையும் கொஞ்சம் கூடலாம். ரோஜா நிற உடை இல்லாத பங்கில் ஊதாவே போதும்.

ஸ்டார் விஷயத்தில் என் கருத்து: கோவில் கோபுரத்து ஸ்டாருக்கு டிசம்பர் 17 நல்ல தேதி. வீட்டு வாசலில் எப்போது கட்டுவது என்று யாரும் சட்டம் போட முடியாது, போடவும் வேண்டாம்.

4. திருவருகைக் கால வளையம்

இது பழங்காலக் கத்தோலிக்க வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். யோகான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற லூத்தரன் போதகர் 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகள் இல்லத்தில் தொடங்கியது இது. வண்டிச் சக்கரம் ஒன்றில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளும் மற்ற நாள்களுக்குச் சின்னத் திரிகளும் வைத்தார். கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததற்கு அவர் கொடுத்த பதில் அது. பிறகுதான் கத்தோலிக்கக் கோவில்களுக்கும் வந்தது.

நம் ஊரில் செய்வதற்கு ஊசியிலை மரம் தேட வேண்டாம். சவுக்குக் கிளை போதும். ஆனால் சவுக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும், காய்ந்த சவுக்கும் எரிகிற மெழுகுதிரியும் பக்கத்தில் இருக்கவே கூடாது. ஆகவே வாரம் ஒருமுறை கிளையை மாற்றுங்கள். திரிகளை அகலமான தட்டில் மணல் பரப்பி அதில் ஊன்றுங்கள், இலைகள் தட்டுக்கு வெளியே சுற்றி இருக்கட்டும். மூன்று ஊதா, ஒரு ரோஜா நிறத் திரி என்பது பழக்கம், கட்டாயம் இல்லை. கடையில் கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ஊதா ரிப்பன் சுற்றிக்கொள்ளலாம். முதல் திரிதான் எல்லா வாரமும் எரியும் என்பதால் உயரமான, தடித்த திரிகளாக வாங்குங்கள்.

வளையத்தை மந்திரிப்பது (ஆசீர்வதிப்பது) முதல் ஞாயிறு அன்றோ அதற்கு முந்தைய மாலையிலோ. அடுத்த ஞாயிறுகளில் தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை, திருப்பலி தொடங்கும்போது ஒருவர் வந்து ஏற்றிவிட்டுப் போகலாம். ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஆளை அழையுங்கள். பேரவைத் துணைத்தலைவரும் அவர் துணைவியாரும் ஒருமுறை ஏற்றினால் போதும். கோவிலைப் பெருக்கும் அம்மாவும், சமீபத்தில் கணவரை இழந்தவரும், திருமுழுக்குப் பெறத் தயாராகிறவரும் ஏற்றட்டும்.

5. நான்கு ஞாயிறு, நான்கு கேள்வி

வழிகாட்டியின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. 2026 திருவருகைக் காலத்தில் இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது, 2027-இல் மூன்றாம் ஆண்டு. வாசகம் மாறினாலும் நான்கு ஞாயிறுகளின் பொருள் மாறுவதில்லை.

முதல் ஞாயிறு விழிப்பைப் பற்றியது. மத்தேயு ஆண்டில் நோவாவின் காலம் வருகிறது. அந்த மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், கொடுத்தார்கள். இந்தப் பகுதியில் இயேசு அவர்களுடைய கொலையையோ களவையோ எடுத்துப் பேசவில்லை. வழக்கமான வாழ்க்கை, ஆனால் எதையும் கவனிக்காத வாழ்க்கை. மாற்கு ஆண்டில் வெளியூர் போகும் வீட்டுத் தலைவர் வாயில்காவலரிடம் விழித்திருக்கச் சொல்கிறார். அவர் மாலையில் வரலாம், நள்ளிரவில் வரலாம், சேவல் கூவும்போது வரலாம், விடியற்காலையிலும் வரலாம். லூக்கா ஆண்டில் குடிவெறியோடு சேர்த்து வாழ்க்கைக் கவலைகளையும் இயேசு எச்சரிக்கிறார். இரண்டையும் ஒரே வரியில் வைத்தது எனக்கு எப்போதும் உறுத்தும். குடிப்பவனைச் சுலபமாகக் குறை சொல்லிவிடுகிறோம். பிள்ளையின் ஃபீஸ், வீட்டுக் கடன் என்று ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுகிறவரின் மனமும் அதேபோல மந்தமாகலாம் என்கிறார் ஆண்டவர். இந்த வாரத்துக்கான கேள்வி: என் வீட்டில் நான் கவனிக்காமலே போய்க்கொண்டிருப்பது எது?

காத்திருப்பு என்பது கடற்கரைப் பங்குகளுக்கு மறையுரைச் சொல் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில், கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று குடும்பங்கள் கரையில் நின்றன. அந்த ஆண்டின் முதல் ஞாயிறு டிசம்பர் 3. பலர் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட ஊரில் மறையுரை வைப்பவரும் முன்னுரை எழுதுபவரும் 'காத்திருப்பது இனிமையானது' என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாம் ஞாயிறு திருமுழுக்கு யோவானுடையது. மூன்று ஆண்டிலும் அவர்தான் பாலைநிலத்தில் நிற்கிறார். ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்கச் சொல்லும் எசாயாவின் குரலை மூன்று நற்செய்தியாளர்களும் அவரிடம் பொருத்துகிறார்கள். மேட்டைத் தாழ்த்து, பள்ளத்தை நிரப்பு. ஊருக்கு மந்திரி வருகிறார் என்றால் முந்தின ராத்திரியே சாலைக் குழியை மண் போட்டு மூடுவதை நாம் பார்த்திருக்கிறோம். யோவான் அப்படிப்பட்ட ஒட்டு வேலையைக் கேட்கவில்லை, மனமாற்றத்துக்கு ஏற்ற கனியைக் கேட்கிறார். கேள்வி: எனக்கும் யாருக்கும் நடுவில் பேச்சு நின்று போயிருக்கிறது? பாகப்பிரிவினையில் முறிந்த அண்ணன் தம்பிகள் இல்லாத அன்பியம் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்ன.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி. அதிலும் யோவான்தான் வருகிறார், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வேறு முகத்தோடு. மத்தேயு ஆண்டில் சிறையில் இருந்துகொண்டு, 'வர இருப்பவர் நீர்தாமா?' என்று ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசுவுக்கு முன்னோடியாக வந்தவருக்கே சந்தேகம் வந்திருக்கிறது. மாற்கு ஆண்டில் யோவான் நற்செய்தியிலிருந்து வாசிக்கிறோம்: நீ மெசியாவா, எலியாவா, இறைவாக்கினரா என்ற மூன்று கேள்விக்கும் திருமுழுக்கு யோவான் இல்லை என்கிறார். நான் யார் இல்லை என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பங்குப் பேரவைகளில் குறைவு. லூக்கா ஆண்டில் மக்கள் 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கிறார்கள். பதில் மிக எளிமையானது: இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு, விதித்ததற்கு மேல் வரி தண்டாதே, மிரட்டிப் பணம் பறிக்காதே, கிடைக்கும் ஊதியம் போதும் என்றிரு. வேலையை விடச் சொல்லவில்லை, அந்த வேலையை நேர்மையாகச் செய்யச் சொல்கிறார். இந்த வாரக் கேள்வியும் அதேதான்: என் வேலையில் நான் செய்ய வேண்டியது என்ன?

நான்காம் ஞாயிறில் மேடைக்கு மரியாவும் யோசேப்பும் வருகிறார்கள். மத்தேயு ஆண்டில் யோசேப்பின் கனவு, மாற்கு ஆண்டில் வானதூதர் மரியாவுக்குத் தந்த மங்கள வார்த்தை, லூக்கா ஆண்டில் மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. கேள்வி: நான் போட்ட திட்டத்தைக் கடவுள் கலைத்தபோது நான் என்ன சொன்னேன்?

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் உதவும். ஆண்டவரின் வருகை மூன்று வகை என்று 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து சொன்னார்: பெத்லகேமில் வந்தது, முடிவில் மாட்சியோடு வரப்போவது, இவ்விரண்டுக்கும் நடுவில் ஒவ்வொருவர் உள்ளத்துக்கும் மறைவாக வருவது. குழந்தை இயேசுவைப் பற்றி மட்டுமே பாடம் நடத்திக்கொண்டிருந்தால் மற்ற இரண்டும் விடுபட்டுப் போகும்.

6. அன்பியக் கூட்டத்தை நடத்தும் முறை

வாரம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டாம். மழைக்காலம், ஏழரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும். வளையத்தின் திரியை ஏற்றி ஒரு பாட்டு. வரப்போகிற ஞாயிறின் நற்செய்தியை இருமுறை வாசியுங்கள், ஒருமுறை பெரியவர், ஒருமுறை பள்ளிப் பிள்ளை. இரண்டு நிமிடம் மௌனம். மௌனத்தை யாராவது ஜெபமாலை தொடங்கிக் கலைத்துவிடுவார்கள், அதனால் முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். பிறகு அந்த வாரக் கேள்வி. விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, தன் வாழ்க்கையில் இருந்து ஒரு விஷயம் சொன்னால் போதும். பேச விரும்பாதவரை வட்டமாகச் சுற்றி வந்து கட்டாயப்படுத்தாதீர்கள். கடைசியில் மன்றாட்டுகள், விண்ணகத் தந்தையே.

நடத்துபவரின் பெரிய வேலை ஒன்றே ஒன்று: ஒரே ஆள் இருபது நிமிடம் பேசாமல் பார்த்துக்கொள்வது. 'சரி அண்ணா, அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு கேட்போம்' என்று சொல்லத் தெரிந்தால் நீங்கள் நல்ல அன்பியப் பொறுப்பாளர். காபி கொடுங்கள், பலகாரம் வேண்டாம். ஒரு வீட்டில் கேசரி வைத்தால் அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்காரர் போண்டாவும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும், அதற்கடுத்த வீட்டில் வசதி இல்லாதவர் கூட்டமே வேண்டாம் என்பார்.

7. ஒப்புரவு: கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. ஒருவருக்கு 4 நிமிடம் என்றால் 100 பேருக்கு 400 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். 23, 24 தேதிகளில் ஒரே ஒரு ஃபாதர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வரிசை பின்னால் நீள நீள, முன்னால் இருப்பவர் பாவங்களைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஓடுவார்.

நல்ல வழி: இரண்டாம் ஞாயிறுக்கும் மூன்றாம் ஞாயிறுக்கும் இடையில் ஒரு மாலையில் பொது ஒப்புரவு வழிபாடு வைத்து, மறைவட்டத்துக் (பக்கத்துப் பங்குகளின் தொகுதி) குருக்களை அழைத்து, வாசகம், மறையுரை, ஆன்ம ஆய்வு எல்லாம் சேர்ந்து நடத்திவிட்டு, பாவசங்கீர்த்தனம் ஒவ்வொருவராகத் தனித்தனியே செய்வது. மறைவட்டக் குருக்கள் பங்கு பங்காகச் சுற்றி வர வேண்டியிருப்பதால் இந்தத் தேதியை நவம்பரிலேயே பிடிக்க வேண்டும். சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லத் தயங்குகிறவர்களுக்கு வெளியூர்க் குரு வருவது பெரிய ஆறுதல், இதை வெளிப்படையாகவே அறிவித்துவிடலாம்.

ஆன்ம ஆய்வுக்கு மேலே சொன்ன நான்கு கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எனக்காக யார் காத்திருக்கிறார்கள்? முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியம்மா, கடன் கொடுத்துவிட்டுக் கேட்கக் கூச்சப்படும் நண்பர், சம்பளப் பாக்கிக்காக நிற்கும் வேலைக்காரர். கடவுளுக்காக நான் காத்திருக்கிறேன் என்று பாடுவதற்கு முன் இந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது.

நோன்பு உண்டா என்று கேட்பார்கள். நம் இலத்தீன் வழிபாட்டு முறையில் திருவருகைக் காலத்துக்கென்று கட்டாய நோன்பு இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் இன்றைய பிரான்சுப் பகுதியில் புனித மார்ட்டின் விழாவான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை நோன்பிருக்கும் வழக்கம் இருந்தது. தக்கலை மறைமாவட்டத்தைச் சேர்ந்த சீரோ மலபார் (கிழக்கத்திய வழிபாட்டு முறைக் கத்தோலிக்க) குடும்பங்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால், அவர்கள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து இறைச்சி ஒதுக்கி இருபத்தைந்து நோன்பு இருப்பதைப் பார்க்கலாம். விரும்பினால் நாமும் வாரம் ஒரு நாள் இருக்கலாம், மிச்சமாகும் பணம் பகிர்வுப் பெட்டிக்குப் போகட்டும்.

8. பகிர்வு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் புடவையும் வேட்டியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது ஒரு வகை. வாங்குகிறவர் முகம் படத்தில் வரக் கூடாது என்ற ஒரே விதியை வைத்தாலே அந்த நிகழ்ச்சியின் தன்மை மாறிவிடும். அதைவிட நல்லது, முதல் ஞாயிறிலேயே கோவில் வாசலில் பெட்டி வைத்து, யாருக்கு என்று சொல்லி, வாரந்தோறும் தொகையை அறிவித்து, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபை மூலம் 20-ஆம் தேதிக்குள் வீட்டில் சேர்த்துவிடுவது. துணி தைக்கவும் நாள் வேண்டும் அவர்களுக்கு.

ஒரு பகுதியைச் செலவிடாமல் வைத்திருங்கள். வடகிழக்குப் பருவமழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கியது திருவருகைக் காலத்துக்குள்தான்.

நோயாளிகளின் பட்டியலும் இப்போதே தயாராகட்டும். கோவிலுக்கு வர முடியாதவர்களுக்கு வீட்டில் நற்கருணையும் ஒப்புரவும் 17-ஆம் தேதிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும், அதன் பிறகு ஃபாதருக்கு நேரம் இருக்காது. பட்டியலை அன்பியப் பொறுப்பாளர்தான் தர வேண்டும். யார் வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்று அலுவலகத்துக்குத் தெரியாது.

9. கேரல்

எல்லாப் பங்கிலும் சண்டை வரும் இடம் இதுதான். 17-க்குப் பிறகு வைத்தால் நாள் போதாது என்பார்கள். போதும். 200 வீடு, வீட்டுக்கு 5 நிமிடம் என்றால் 1000 நிமிடம், சுமார் 17 மணி நேரம். இரவுக்கு மூன்று மணி நேரம் போனால் ஒரு குழு ஆறு இரவில் முடித்துவிடும், இரண்டு குழு மூன்றே இரவில். பெரிய பங்கு என்றால் குழுக்களைக் கூட்டுங்கள், நாள்களைக் கூட்டாதீர்கள்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. பெண் பிள்ளைகள் வரும் குழுவில் பெரியவர்கள் இருவராவது கடைசி வரை உடன் இருந்து, வீடு வரை விட்டுவர வேண்டும். காணிக்கைக்கு நோட்டும் ரசீதும் வேண்டும், வந்த தொகையையும் அது எதற்குப் போகிறது என்பதையும் ஞாயிறு அன்று வாசியுங்கள்.

துக்கம் நடந்த வீட்டில் என்ன செய்வது? தாண்டிப் போகாதீர்கள். தாத்தா வேடத்தையும் டிரம்மையும் தெரு முனையில் நிறுத்திவிட்டு நாலு பேர் மட்டும் உள்ளே போய், மெதுவாக ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் சொல்லிவிட்டு வாருங்கள். கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட வீடுகளையும் பட்டியலில் வையுங்கள். ஆண்டு முழுவதும் கோவிலில் இருந்து அங்கே போகும் ஒரே ஆள்கள் கேரல் குழுவாக இருக்கலாம்.

10. டிசம்பர் 17 முதல் வீட்டில்

இந்த எட்டு நாளும் நற்செய்தி நேராக பெத்லகேம் நோக்கி நடக்கிறது. 17 அன்று மத்தேயு தரும் தலைமுறை அட்டவணை. வெறும் பெயர்ப் பட்டியல் என்று தூங்கிவிடாதீர்கள், அதில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்களை நுழைத்திருக்கிறார் மத்தேயு. ஒவ்வொருவர் கதையிலும் ஊர் வாய் பேசியிருக்கும். 18 அன்று யோசேப்பு. 19 முதல் 24 காலை வரை லூக்காவின் முதல் அதிகாரம் வரிசையாக ஓடி, செக்கரியாவின் பாடலில் முடிகிறது.

17 முதல் 23 வரை மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் பழமையான ஏழு அழைப்புகள் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசே, இம்மானுவேலே. நாளுக்கு ஒன்றாக வீட்டிலேயே சொல்லலாம். சாப்பாட்டுக்கு முன் டிவியை அணைத்து, திரி ஏற்றி, அன்றைய அழைப்பைச் சொல்லி, நற்செய்தி வாசித்து, ஆளுக்கொரு மன்றாட்டு. பத்து நிமிடம்தான். கல்லூரி விடுதியில் இருந்து வரும் பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் அப்பா ஆகியோர் வீடியோ அழைப்பில் சேரட்டும்.

டிசம்பர் 1-லிருந்தே ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு எளிய வழி ஒன்று: லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரம். நாளுக்கு ஒன்று வாசித்தால் 24-ஆம் தேதி முடிந்துவிடும்.

11. குடில்

1223 கிறிஸ்துமஸ் இரவில் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. நம் பங்குகளில் இன்று அருவி, ரயில், ராக்கெட் எல்லாம் வந்துவிட்டன. இளைஞர்களின் உற்சாகத்தைக் குறைக்க வேண்டாம், ஆனால் குழந்தை இருக்கும் இடத்தைக் கண் தேட வேண்டியிருந்தால் ஏதோ தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

புல்தரைக்குக் கேழ்வரகை ஊறவைத்துத் தட்டுகளில் செம்மண் பரப்பி 14, 15 தேதிகளில் தூவுங்கள். 24-க்குள் பச்சென்று நிற்கும். இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சாக்கும் வைக்கோலும் உள்ள இடத்தில் பழைய சீரியல் பல்பு வயர் வேண்டாம், கூரை ஒழுகுகிறதா என்று முதல் மழையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி 24 இரவு வரை காலியாக இருக்கட்டும். மூன்று அரசர்களைத் தூரத்தில் நிறுத்தி, அவர்கள் குழந்தையைக் கண்டு வணங்கிய திருக்காட்சி விழா வரை தினமும் கொஞ்சம் நகர்த்தச் சொன்னால் பிள்ளைகள் மறக்காமல் வந்து நகர்த்துவார்கள்.

மூன்றாம் ஞாயிறு அன்று உரோமையில் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் குழந்தை இயேசு சுரூபத்தைத் தூய பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டுவர, திருத்தந்தை மந்திரிப்பார். நம் பங்கிலும் செய்யலாம், செலவு ஒன்றும் இல்லை.

12. 24-ஆம் தேதியும் அதற்குப் பிறகும்

24 காலைத் திருப்பலி முடிந்ததும் ஊதாத் துணிகளும் வளையமும் உள்ளே போகட்டும், பீட அலங்காரம் தொடங்கட்டும். கேரல் பாடல்களை இரவுத் திருப்பலிக்கு முன் அரை மணி நேரம் பாடுங்கள். கூட்டம் அதிகம் வரும், ஆகவே முன் வரிசைகளில் சிலவற்றைச் சக்கர நாற்காலிக்கும் முதியோருக்கும் ஒதுக்கிவையுங்கள். 'உன்னதங்களிலே' தொடங்கும்போது கோவில் மணிகள் எல்லாம் ஒலிக்கட்டும், இப்போது ரிதம் பேடும் வரலாம்.

26-ஆம் தேதி குடிலைப் பிரிக்காதீர்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் பாட வேண்டாம் என்று நிறுத்திவைத்த பாடல்கள் அத்தனைக்கும் அந்த நாள்களில் இடம் உண்டு, போக முடியாமல் விட்ட வீடுகளுக்கும் அப்போது போகலாம்.